கட்-ஆஃப் சார்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே ஓசூரில் கட்-ஆஃப் சாருக்கு சீசன் ஆரம்பம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் சீசன். ஆலைகள் ஓய்ந்த பிறகும் சார் ஓயமாட்டார். துணைக் கலந்தாய்வு முடிய வேண்டும்.

சிப்காட்டில் ஏதாவதொரு கம்பெனியின் குவாலிட்டி செக்‌ஷனில் ரிட்டயர் ஆனவராக இருப்பார். தெருவுக்கு ஒருவர் உண்டு. வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்பதற்கு முன்னால் 'மேத்ஸ் எவ்ளோ?' என்பார். மேத்ஸ் 92, பிசிக்ஸ் 88, கெமிஸ்ட்ரி 90 என்று பெண் சொல்லி வாய் மூடுவதற்குள் "நூத்தி எண்பத்தொண்ணு" என்று வந்து விழும். கணக்கு முழுசு, மற்ற இரண்டும் பாதிப் பாதி, மொத்தம் 200க்கு. கால்குலேட்டரைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நுழைவுத்தேர்வு இருந்த காலத்தில் 300க்குக் கணக்குப் போட வேண்டியிருந்ததாம். 2007இல் அது போனதிலிருந்து மூளைக்கு வேலையே இல்லையாம்.

இந்த ஊரில் அவரிடம் வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பக்கமா, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமா? அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழே பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியோ உள்ளூர் அதியமானோ, இல்லை, வி.டி.யூ.வின் கீழே பெங்களூரில் ஒரு காலேஜா?

பெங்களூர் ஆசையோடு வந்தவரிடம் சார் சொல்வார்: "நாப்பது கிலோமீட்டர் சார், கூப்பிடு தூரம். மெட்ரோ பொம்மசந்திரா வரைக்கும் வந்தாச்சு. இன்டர்ன்ஷிப்புக்கு எலெக்ட்ரானிக் சிட்டி வழியிலேயே இருக்கு." பர்கூர் ஆசையோடு வந்தவரிடம் அதே நாற்பது கிலோமீட்டரை எடுத்துப் போடுவார்: "நாப்பது கிலோமீட்டர்! சில்க் போர்டுல நின்னு நின்னே புள்ளைக்கு நாலு வருஷம் போயிடும். மெட்ரோவா? பொம்மசந்திராவுலதான் நிக்குது, இங்க எப்ப வரும்?" முதல் பட்டதாரிச் சலுகையும் இப்படித்தான் புரளும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கல்விக் கட்டணம் குறையும், அத்திப்பள்ளி தாண்டினால் அந்த சர்டிபிகேட்டை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஒருவரிடம் இது "எவ்ளோ பெரிய மிச்சம்", இன்னொருவரிடம் "காசு பார்த்தா படிப்பு வருமா?" கர்நாடகத்தில் அரசு சீட்டுக்குப் பொதுவாக அங்கே ஏழு வருஷமாவது படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காமெட்கே தேர்வு, அதுவும் போனால் மேனேஜ்மென்ட் என்கிற விவரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். சொல்வது மட்டும் ஆளைப் பார்த்து.

ஆளை எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் வித்தை. எல்லாம் பேசி முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பனியன் நுனியில் துடைத்துக்கொண்டே, போகிற போக்கில், "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்பார். வந்தவர் தயங்கித் தயங்கி ஒரு பேரைச் சொல்வார். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறும்போது தீர்ப்பு தயார். வந்தவர், சார் மனசுக்குள் புகுந்து பார்த்துவிட்டார் என்று வியந்து போவார். இத்தனை வருஷமும் ஒரு தீர்ப்புகூடத் தப்பாதது இதனால்தான் என்பது என் கணிப்பு.

சிக்கல், புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து வந்தால். அன்றைக்கு அப்பாவுக்குப் பர்கூர், அம்மாவுக்குப் பெங்களூர். சார் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். பிறகு ராஜாஜியைக் கூப்பிட்டார்.

"நம்ம தொரப்பள்ளிக்காரர் என்ன பண்ணார்? ஓசூர்ல படிச்சார். பெங்களூர் சென்ட்ரல் காலேஜ்ல படிச்சார். அப்புறம் மெட்ராஸ்ல லா படிச்சார். கவர்னர் ஜெனரல் ஆனார்!"

"அப்ப எதுல சேர்க்கறது சார்?"

"அதைத்தான் சொல்றேன்."

"பாத்தியா, கடைசியில மெட்ராஸ் பக்கம்தான்" என்றார் அப்பா. "பெங்களூர் போனதாலதானே மெட்ராஸ் கெடைச்சுது" என்றார் அம்மா. இருவருக்கும் காபி வந்தது. ஓசூரில் படித்தால் பட்டம் கிண்டியிலிருந்து வரும், பெங்களூரில் படித்தால் பெலகாவியிலிருந்து வரும், ஆக இரண்டும் தூரம்தான் என்று சார் கூடுதலாக ஒரு தகவலையும் வைத்தார். அது யாருக்குச் சாதகம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பிளாஸ்டிக் நாற்காலியில் அதுவரை போனைக் குடைந்துகொண்டிருந்த பெண் தலையைத் தூக்கினாள். "அப்பா, உங்க நம்பருக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க."

அவர் சட்டைப்பையைத் தடவி, போனைத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். எந்த மாநிலத்துக் கலந்தாய்வுக்கு வந்த ஓ.டி.பி. என்று அவர் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

"லாக் பண்ணிட்டேன்" என்றாள்.

"நல்ல சாய்ஸ் பாப்பா" என்றார் சார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."