ரேந்தை ஊரிலிருந்து அக்காவுக்கு

நாட்டிங்காம்,
இங்கிலாந்து.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பனி விழுந்து, உருகி, மறுபடியும் விழலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

"கல்யாணக் கவுனைக் கடையில வாங்கித் தொலைக்காம உனக்கு ஏன்ட்டி இந்தப் பாடு?" என்று போனில் கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் பாதியில் புகுந்து எனக்கே வெட்டச் சொல்லித் தருவீர்கள். அதனால் கடிதம்.

கடைக்குப் போகாமல் இல்லை. இங்கே மணப்பெண் கடைக்கு முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். போனதும் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பையில் நுரைக்கிற திராட்சை ரசம் தந்தார்கள். அதற்குப் பிறகு விலையைச் சொன்னார்கள். ரசத்தை ஏன் முதலில் தருகிறார்கள் என்பது அப்போது விளங்கியது. வெளியே வந்ததும் என் மகள், "அம்மா, நீயே தச்சிரு" என்றாள். 2011இல் இளவரசர் வில்லியம் கல்யாணத்தை டிவியில் பார்த்த நாளிலிருந்தே அவளுக்கு ரேந்தைக் கவுன் ஆசை. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. ஆசை அவளோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

ரேந்தைக்கு நான் எங்கே அலைய வேண்டும், இருப்பதே நாட்டிங்காமில் என்று நினைத்தேன். ஒரு காலத்தில் உலகத்துக்கே எந்திர ரேந்தை போட்ட ஊர் இது. நகரத்தின் நடுவில் ரேந்தையின் ஆங்கிலப் பெயரிலேயே 'லேஸ் மார்க்கெட்' என்று ஒரு பேட்டை. செங்கல் செங்கலாக அடுக்கி நிற்கும் பெரிய பண்டகசாலைகள். அதில் 1855இல் எழும்பிய ஆடம்ஸ் கட்டடத்தில், வேலை தொடங்கும் முன் ஆட்கள் ஜெபம் பண்ணுவதற்கு உள்ளேயே சிற்றாலயம் வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் மில் கட்டியிருந்தாலும் அஸ்திவாரத்துக்கு அடுத்தபடியாக அதைத்தான் கட்டியிருப்பார்கள். இப்போது அந்தப் பேட்டையில் வக்கீல் ஆபீஸ் உண்டு, குடிக்கிற கடைகளுக்குக் குறைவே இல்லை. ரேந்தை வாங்கப் போனால் காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ரேந்தை எங்கே போனது என்று விசாரித்தால் அது ஒரு துப்பறியும் கதை. கையால் குச்சி உருட்டிப் பின்னுவதை எந்திரத்தில் பின்ன வழி கண்டு, ஜான் ஹீத்கோட் என்பவர் 1809இல் காப்புரிமை வாங்கினார். பக்கத்து லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் 1816இல், எந்திரத்தை வெறுத்த தொழிலாளிகளின் லுட்டைட் கூட்டம் புகுந்து எந்திரங்களை உடைத்துப் போட்டது. மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு டெவன் மாவட்டத்து டிவர்ட்டனுக்குப் போய்விட்டார். அங்கே அந்தக் கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது. 2021இல் செவ்வாய்க் கிரகத்தில் பெர்சிவரன்ஸ் வண்டி இறங்கிய பாராசூட்டுக்குத் துணி நெய்தது அவர்கள்தான். மணப்பெண் முக்காட்டில் தொடங்கிச் செவ்வாய் வரை போன குடும்பம்!

இன்னொரு பக்கம், ஜான் லீவர்ஸ் 1813இல் ஒரு புது எந்திரம் செய்தார். ரேந்தை எந்திரங்களைச் சிலர் பிரித்து, கடல் தாண்டிப் பிரான்சின் கலே துறைமுகத்துக்குக் கள்ளத்தனமாகக் கொண்டுபோனார்கள். எந்திர ஏற்றுமதி அப்போது சட்டப்படி குற்றம். இன்றைக்கு உயர்ந்த ரேந்தை என்றால் கலேயும் கோட்ரியும்தான். ஆகவே நாட்டிங்காமில் உட்கார்ந்துகொண்டு பிரான்சிலிருந்து ரேந்தை வரவழைத்தேன். வாழைத்தோப்புக்குள் குடியிருந்துகொண்டு வாழையிலை விலைக்கு வாங்கியவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேளுங்கள். அந்த லீவர்ஸ் எந்திரம் பத்து டன் எடை இருக்கும். ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும். எண்ணெய் விட்டால் நூல் கெடும் என்பதால் பென்சில் கரித்தூளைத்தான் மசகாகப் போடுவார்கள். அதனால் ரேந்தை எந்திரத்தைவிட்டுக் கன்னங்கரேல் என்று இறங்கும். அப்புறம் அலசித்தான் வெள்ளையாக்குவார்கள். மணப்பெண்ணின் வெள்ளை அப்படிப்பட்ட வெள்ளை.

விலை மீட்டருக்கு நூறு பவுண்டுக்கு மேல். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம், அத்தானுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. "கடைசி விலை என்ன?" என்று ஆங்கிலத்தில் நயமாகக் கேட்டேன். கடைக்காரம்மாள் என்னைவிட நயமாக, முதலில் சொன்ன விலையையே திரும்பச் சொன்னாள். வடசேரிச் சந்தையில் கற்ற வித்தை எதுவும் இந்த நாட்டில் செல்லாது.

இனித் தையல். நமக்கெல்லாம் அளவு ஜாக்கெட் ஒன்று போதும். இவளிடம் ஏது அளவு ஜாக்கெட்? பேப்பர் பேட்டர்ன் வாங்கினேன். கடை உடுப்பில் பன்னிரண்டாம் நம்பர் போடுகிற பெண்ணுக்குப் பேட்டர்னில் பதினாறு என்று வந்தது. பேட்டர்ன் நம்பர் வேறு, கடை நம்பர் வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் அவள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். முதலில் காடாத் துணியில் முழுக் கவுனையும் தைத்து, போட்டுப் பார்த்து, கிழித்து, திருத்தி, அதற்குப் பிறகுதான் ரேந்தையில் கத்தரி வைப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே ஒரு கல்யாணக் கவுன் கந்தலாகிவிட்டது.

கை விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. தோள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்றாள். "ஏ பிள்ள, தோளை மூடிச் சட்டை போடுறதுக்கு நம்ம பாட்டிமார் அடி வாங்கினாவ, 1859இல் திருவிதாங்கூர் ராஜா உத்தரவு போடுறது வரைக்கும் விடல்ல, நீ என்னன்னா திறக்கிறதுக்கு மல்லுக்கு நிக்கிற" என்றேன். தோள் சீலைக் கலகம் முழுவதையும் உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ எது வேணும்னு முடிவு பண்ற உரிமைக்குத்தானே பாட்டி அடி வாங்கினா?" என்கிறாள். லண்டனில் படித்த பிள்ளையிடம் வாய் கொடுக்கக் கூடாது. கடைசியில் லைனிங் மார்போடு நிற்கும், அதற்கு மேல் தோளும் முழங்கை வரையும் வெறும் ரேந்தை என்று ராஜி ஆனோம். மூடியும் இருக்கும், திறந்தும் இருக்கும். போதகர் ஐயருக்கும் மனநிறைவு, அவளுக்கும் மனநிறைவு.

நாம் இத்தனை வருஷம் கற்ற தையலை இந்தத் துணி தலைகீழாகப் புரட்டுகிறது, அக்கா. நாம் தோளிலிருந்து வெட்டி, கடைசியில் ஓரம் மடித்து உயரத்தைச் சரிசெய்வோம். ரேந்தையில் கீழ் ஓரம் வளைவு வளைவாகப் பூவோடு வருகிறது. அதை மடிக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. ஆகவே கீழிருந்து மேலே போக வேண்டும், கூட்டுவதும் குறைப்பதும் இடுப்பில்தான். அதற்கு முதலில் செருப்பின் குதிகால் உயரம் முடிவாக வேண்டும். செருப்பு முடிவாகும் முன்னால் மாப்பிள்ளை முடிவாகிவிட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சாக்கட்டி போட்டால் ஓட்டை வழியே விழுகிறது. குண்டூசி குத்தினால் அதுவும் விழுகிறது. கலர் நூலால் ஓட்டுத்தையல் போட்டுத்தான் அடையாளம் வைக்க வேண்டும். மெஷினில் வைத்தால் பல் வலையைக் கவ்வி உள்ளே இழுக்கும். அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுத் தாளைக் கிழித்தெடுக்க வேண்டும். அதுவும் லைனிங்குக்கும் உள்பாகத்துக்கும்தான். பக்கத் தையலை மெஷினில் ஓட்டினால் பூவின் நடுவே கோடு விழுந்து பாவாடைக் கொசுவம் ஆகிவிடும். முன்பக்கத்துப் பூக்களைச் சுற்றிச் சுற்றி வெட்டி, ஓடு வேய்கிற மாதிரிப் பின்பக்கத்தின் மேல் ஏற்றி, ஒவ்வொரு இதழின் ஓரமாகக் கையூசியால் நுணுக்கமாகத் தைத்து, அடியில் மிச்சம் நிற்கும் வலையைக் கத்தரிக்க வேண்டும். ரேந்தை நெய்த துணி இல்லை. வெட்டினால் பிசிறாது. அதனால்தான் இந்த வித்தை நடக்கிறது. டாட் பிடிப்பதும் இதே வழிதான். முடிந்ததும் தையல் எங்கே இருக்கிறதென்று தைத்தவளே தேட வேண்டும். அங்கேதான் மனது நோகிறது. ஜாக்கெட் தைத்தால் நாலு பேர் தையலைப் பார்த்து "யார் தச்சது?" என்று கேட்பார்கள். இதில் தையல் தெரிந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம்.

வெள்ளைக்கு மேல் வெள்ளை நூல், பகல் வெளிச்சம் வேண்டும். இங்கே மார்கழியில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் கடையைக் கட்டிவிடுகிறது. வில்லியம் மனைவியின் கவுனுக்கு ரேந்தைப் பூக்களை வெட்டித் தைத்த ராயல் நீடில்வொர்க் பள்ளிக்காரர்கள் அரை மணிக்கு ஒருமுறை கை கழுவி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி மாற்றினார்களாம். அந்தக் கவுனின் முதுகில் மட்டும் 58 பொத்தான். நானும் அரை மணிக்கொரு தரம் கை கழுவுகிறேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற கைக்கு அது புதிதில்லை. ஊசியை மாத்திரம் மொக்கையானால்தான் மாற்றுகிறேன், எனக்கு அரண்மனைப் படி கிடையாது.

வீட்டில் ஊரடங்கு. சாப்பாட்டு மேசை தையல் மேசையாகிவிட்டதால் என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். மஞ்சள் பொடி டப்பா பரணுக்குப் போனது. தாளிக்கத் தடை. மீன்கறி வாசனை ரேந்தையில் ஏறினால் ஆலயத்தில் மணப்பெண் நடந்து வரும்போது குளச்சல் துறைமுகமே நடந்து வரும். ஆகவே இவர்கள் தோட்டத்துக் கொட்டகையில் கரண்டு அடுப்பு வைத்துக் குல்லாவும் கோட்டும் போட்டுக்கொண்டு அயிலை வதக்குகிறார்கள். அடுத்த வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து இதைத் தினம் பார்க்கிறார், "குளிர் ஜாஸ்தி" என்கிறார், போய்விடுகிறார். ஜன்னல் நிறைய வெள்ளைத் துணி தொங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் தெருவாக இருந்தால் இதற்குள் வரதட்சணைத் தொகை வரை விசாரித்து முடித்திருப்பார்கள்.

சம்பந்தி அம்மாள் நல்ல மனுஷி. அவளுடைய பாட்டி ரேந்தை இழுக்கிற வேலை செய்தவளாம். எந்திரத்தில் ஓர ரேந்தை பத்தி பத்தியாக ஒட்டிக்கொண்டு அகலமாக வரும். இடையில் ஓடும் ஒரே ஒரு நூலை உருவினால் தனித்தனி நாடாவாகப் பிரியும். அந்த நூலை உருவுவதற்கு வீடு வீடாகக் கட்டு கட்டாகக் கொடுப்பார்களாம். பெண்களும் பிள்ளைகளும் இரவு வரை உட்கார்ந்து உருவுவார்களாம். அவள் தன் பாட்டியின் கத்தரியைக் கொண்டுவந்தாள். வலை கிழியாதிருக்க ஒரு நுனியில் சின்னக் குமிழ் வைத்த கத்தரி. இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேச்சே இல்லாமல் வலை கத்தரித்தோம். ஆங்கிலக்காரியோடு நட்பாக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரிலும் ரேந்தை உண்டு என்று அவளிடம் சொன்னேன். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்ததையும், அந்தக் கூலியில் அடிமைப் பெண்கள் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டதையும், அந்த அம்மாளின் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரைக் கட்டிக்கொண்டு இடையன்குடியிலும் அதே வேலையைத் தொடங்கியதையும் சொன்னேன். சம்பந்தி அம்மாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அதில் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

ஆக, கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. முக்காட்டின் ஓரத்துக்குக் கையால் பின்னிய ரேந்தை வேண்டும். அகலம் முக்கால் அங்குலம், நீளம் ஏழு மீட்டர், சுத்த வெள்ளை வேண்டாம், பால் நிறம். முளகுமூட்டுப் பக்கம் இன்னும் பின்னுகிற அக்காமார் இருந்தால் அவர்களிடமே சொல்லுங்கள். கேட்கிற கூலியைக் கொடுங்கள், பேரம் பேச வேண்டாம். கல்யாணம் மே மாதம். இங்கேயும் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், முதல் ஓலைக்கு முன்பே வந்து சேர வேண்டும். பார்சலின் மேல் 'பருத்தி ரேந்தை, அன்பளிப்பு' என்று எழுதி விலையும் போடுங்கள், கஸ்டம்ஸ்காரர் கேட்பார். இவர்கள் உங்களுக்குத் தனியாகப் போன் பண்ணி எவ்வளவு கெஞ்சினாலும், அதே பார்சலுக்குள் கருவாடு வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
தங்கை