லட்சியமும் ஈர்ப்பும்: மாமல்லபுரக் கற்களை முன்வைத்து ஒரு வகைப்பாடு

காதலிக்கப்படுபவரின் லட்சியம் ஈர்ப்பைக் கூட்டுமா, குறைக்குமா என்பது செங்கல்பட்டு – கடற்கரை மின்சார ரயிலில் நாள்தோறும் பேசப்பட்டும் தீராத வினா. இதற்கு வேண்டிய சான்றுகளில் பெரும்பாலானவற்றைப் பல்லவர்கள் மாமல்லபுரத்தில் எப்போதோ கல்லில் வெட்டி வைத்துவிட்டனர். யுனெஸ்கோ அவற்றை 1984இல் அங்கீகரித்தது. காதலர்கள் அதற்கு முன்பே அங்கீகரித்துவிட்டனர். அச்சான்றுகளின்படி லட்சியம் நால்வகைப்படும்.

முதலாவது அர்ச்சுன வகை. பெரும்பாறைச் சிற்பத்தில் ஒருவர் விலா எலும்பு தெரிய, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார். சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டும் அர்ச்சுனன் என்பது ஒரு சாரார் கொள்கை. இவ்வகையினர் கையில் இன்று டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு வழிகாட்டி இருக்கும். தேர்வுத் தேதி, 200 கேள்விகள், கட்-ஆஃப் என எல்லாம் திட்டமாக இருப்பதால் ஈர்ப்பு மிகும். எதிரில் இருப்பவரைப் பாராமல் புத்தகத்தையே பார்ப்பதும் அழகுதான். ஆனால் அது கையிலுள்ள சுண்டல் தீரும்வரை மட்டுமே.

இரண்டாவது பகீரத வகை. அதே உருவம் கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் மறுசாரார். கலை வரலாற்றில் முடியாத இவ்வழக்கு காதலில் எளிதில் முடியும்: தனக்காகத் தவம் செய்பவர் அர்ச்சுனர், குடும்பத்துக்காகச் செய்பவர் பகீரதர். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்", "வீட்டு லோன் அடையட்டும்" என்பன இவர்தம் அடையாள வாக்கியங்கள். இவர்கள்மேல் மதிப்பு வளரும். ஈர்ப்பு மெல்லப் பொறுமையாக மாறும்.

மூன்றாவது பூனை வகை. அதே பாறையில், யானையின் அருகே ஒரு பூனையும் கைதூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். ஈசிஆர் காபிக் கடைகளில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஸ்டார்ட்-அப் தொடங்கப்போவதாகச் சொல்வோரில் சிலர் இதில் அடங்குவர். அசல் தவமும் போலித் தவமும் தூரத்தில் ஒன்றே. கிட்டப் போனால் வேறுபாடு தெரியும். எலிகளும் அப்படித்தான் கிட்டப் போயின.

நான்காவது வெண்ணெய் உருண்டை வகை. மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் அப்பெயருடைய பாறை இந்த நொடியே உருண்டுவிடும் போலிருக்கும், உருளாது. "அடுத்த வாரம் வீட்டுல பேசிடறேன்" என்போர் இவ்வகையினர்.

அடுத்தது கால எல்லை. கல்விக்காகப் பிரிந்தால் மூன்றாண்டுக்கு மேல் போகலாகாது, வேந்தன் பணிக்கென்றால் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்கிறது தொல்காப்பியம். லட்சியம் எவ்வளவு பெரிது என்று அது கேட்கவில்லை. எப்போது முடியும் என்றே கேட்கிறது. தேர்வு அறிவிப்பு தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதற்கு அதில் சூத்திரம் இல்லை.

எல்லை மீறியதற்கு உதாரணம் ஊர்ப் பெயரிலேயே உண்டு. மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் 642இல் சாளுக்கியத் தலைநகர் வாதாபியை வென்றான். அதைக் கருவாக்கிக் கல்கி எழுதிய 'சிவகாமியின் சபதம்' நாவலில், வாதாபி எரியும்வரை அங்கிருந்து வரமாட்டேன் என்று, அங்கே சிறைகொண்டு போகப்பட்ட அவன் காதலி சிவகாமி சூளுரைக்கிறாள். வாதாபி எரிவதற்குள் காலம் வெகுவாகக் கடந்துவிடுகிறது. சபதம் சிவகாமியுடையது, வெற்றி மாமல்லருடையது, கல்யாணம் பாண்டிய இளவரசியுடன்.

முடிபு: லட்சியத்துக்கு ஒரு தேதி உண்டு, அத்தேதிக்குப் பின் தனக்கு ஓர் இடம் உண்டு என இவ்விரண்டும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்வரை ஈர்ப்பு நிற்கும். ஒன்று குறைந்தால் மரியாதை மிஞ்சும். இரண்டும் குறைந்தால், வேறொருவர் பெயர் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை வீடு தேடி வரும்.