செண்டைக்கு அழத் தெரியாது மருமவனே

கழக்கூட்டத்துப் பிளாட்டுல கீபோர்டு வாங்கி வச்சிருக்கியாம், அறுநூறு சத்தம் வருமாம். கொள்ளாம். டெக்னோபார்க்குக்காரனுக்கு எதுலயும் எண்ணிக்கை வேணும்லா. ஆனா அதுல தோடி ராகம் வாசிக்கேன்னு உங்க அத்தை சொன்னா. தோடி உனக்கு என்ன துரோகம் செஞ்சுது மக்கா?

தோடியில காந்தாரம் ஒரு எடத்துல நிக்காது, அசையணும். நாயனக்காரன் மூச்சாலயும் உதட்டாலயும் அசைப்பான். வீணைக்காரன் கம்பிய இழுத்து அசைப்பான். உன் கட்டைய அமுக்குனா ஒரு சுரம், விட்டா அடுத்தது. நடுவுல வழி கெடையாது. இந்தக் கொறையச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-லேந்து 1971 வரைக்கும் இதே மாதிரி கட்டை வச்ச ஆர்மோனியத்த வாசல்லயே நிறுத்துச்சு. உன் கீபோர்டு ஓரத்துல ஒரு சக்கரம் இருக்கு, திருக்குனா சுரம் வளையும்னு சொல்லுவே. வளையும். நீ திருக்குனா நெளியும்.

நீ இருக்க ஊருலயே இதுக்குப் பாடம் கெடக்கு. ஒரு நாளு பஸ் புடிச்சு திருவனந்தபுரம் கோட்டைப் பக்கம் போயி கதகளி பாரு. ராவணன் வந்தா செண்டை. பெண் வேஷம் வந்துட்டா செண்டைய ஒதுக்கிட்டு இடக்கா மேளத்த எடுப்பாங்க. ஏன்னு யோசிச்சியா? செண்டையில தோலு தடி, கட்டு இறுக்கம், கம்பால அடி. சத்தம் தெறிச்சு விழும், வயலு தாண்டிக் கேக்கும். போருக்கும் கோவத்துக்கும் அத அடிச்சுக்க ஆளில்ல. தமயந்தி விம்மணும்னா? கொட்டுறவன் வீட்டுல இழவு விழுந்தாலும் அந்தத் தோலு அழாது. இடக்காவுக்கு மெலிஞ்ச தோலு, தோள்ல தொங்கும். கயித்த ஒரு கையால அமுக்கி விட்டா குரலு ஏறும், எறங்கும். தாளமும் போடும், விசும்பவும் செய்யும். நம்ம வில்லுப்பாட்டு உடுக்கை அதுக்குத் தங்கச்சி முறை. இடுப்புக் கயித்த நெருக்குனா அதுவும் குரல மாத்தும்.

கலாமண்டலம் கிருஷ்ணன்குட்டி பொதுவாள் செண்டையிலயே பாவம் கொண்டு வந்தவருன்னு நீ கூகுள்ல தேடி எடுத்துட்டு வருவே. நெசந்தான். அது அவரு கை. நீ கைய அமுக்குறதெல்லாம் அலுவலகத்துக் கீபோர்டுல.

அதுக்காக வீட்டுக் கீபோர்ட விக்காண்டாம். சினிமாப்பாட்டு வாசி, பிள்ளைக்குப் பொறந்தநாள் பாட்டு வாசி, அதுக்கெல்லாம் அது ராசா. தோடி வேணும்னா திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ரிக்கார்டப் போட்டுக் கேளு. பக்கத்துப் பிளாட்டுக்காரனும் உன்ன வாழ்த்துவான்.