ஏழரையில ரெண்டு வகை

வாடா இஞ்சினீரு, வா. அந்தப் பக்கம் தள்ளி உக்காரு. ரோட்டோரமா உக்காந்தா ஜல்லி லாரி போற வேகத்துல டீயில சர்க்கரையோட எம்-சாண்டும் கலந்துடும். கையில இன்னா புக்கு? காலேஜ்காரன் குடுத்ததா? குடு பாப்பம். யப்பா, இன்னா வழவழப்பு, ஈ உக்காந்தா வழுக்கி வுழும்.

மொதல் பக்கத்துல நீச்சல் குளம். நம்ம பாலாத்துல முழங்கால் தண்ணி பாத்து எத்தினி காலமாச்சு, நீ போய் இஞ்சினீரிங் காலேஜ்ல நீச்சல் அடி. ரெண்டாம் பக்கத்துல குதிரை நிக்குது. இது எதுக்குடா, மெக்கானிக்கல் பசங்களுக்கு ஹார்ஸ் பவர் காட்டறதுக்கா? அப்புறம் பிளேஸ்மென்ட்டு. இந்தக் கண்ணாடி போட்ட பொண்ணைப் பாரு, ஒரு கம்பெனியில வேலை வாங்கியிருக்குது. பக்கத்தைத் திருப்பு. அதே பொண்ணு, அதே கண்ணாடி, வேற கம்பெனி. பாவம், ரெண்டு ஷிப்டு பாக்குது போல. எல்லாம் இருக்குது, வகுப்பு எடுக்கிற வாத்தியார் படம் மட்டும் ஒண்ணைக் காணோம். போட்டா எடுக்க வந்த அன்னிக்கு வேற காலேஜ்ல இருந்திருப்பாரு. சிரிக்காதடா, 2024ல அறப்போர் இயக்கத்துக்காரங்க பட்டியலோட வெளியே வுட்டாங்களே, ஒரே வாத்தியார் பேரு ஒரே நேரத்துல பல இஞ்சினீரிங் காலேஜ்ல இருக்குதுன்னு. நம்ம அத்திவரதராவது நாப்பது வருசத்துக்கு ஒரு தரம் வெளியே வந்து ஜனங்களைப் பாக்கறாரு. சில புரொபசருங்க இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டுந்தான் தரிசனம்.

சரி, மொத்தம் எவ்ளோ கேக்கறான்? ஆஸ்டலோட பன்னெண்டு லட்சமா? உங்கப்பன் எங்கேருந்து குடுப்பான்? லோனா? நல்லா சொன்ன போ. பேங்குல நாலு லட்சம் வரைக்கும் பொதுவா ஜாமீன் கேக்க மாட்டான். அதுக்கு மேல போனா சில பேங்குல ஆள் ஜாமீன் கேப்பான். ஏழரை லட்சத்தைத் தாண்டினா சொத்துப் பத்திரத்தைக் கொண்டாம்பான். ஏழரைன்னு பேங்க்காரனே வெச்சிருக்கான் பாரு, ஜாதகம் பாத்துத்தான் வெச்சிருப்பான். படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் வரைக்கும் தவணை கட்ட வேணாம்னு மேனேஜரு சிரிச்சுக்கினே சொல்லுவாரு. அந்த அஞ்சு வருசமும் வட்டி சும்மா குந்திக்கினு இருக்காது, ஏறிக்கினே இருக்கும். அதையும் சிரிச்சுக்கினே சொல்றாரான்னு கேட்டுக்கினு வா.

இன்னொரு ஏழரை இருக்குது, அது உன்னைத் தூக்கிவுடற ஏழரை. ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவனுக்கு ஏழரை சதவீதம் இடம்னு 2021ல சட்டமே போட்டாங்க. அதுல சீட்டு வாங்கினா படிப்புக் கட்டணம், ஆஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுது. நீ நம்ம ஊரு கவர்மென்ட் ஸ்கூல்லதான படிச்ச? மழை பேஞ்சா ஒழுவுதுன்னு அலுத்துக்கினியே, அந்த ஒழுவுன கூரைதாண்டா உனக்கு இப்ப படிப்புச் செலவையே குடுக்குது. ஆனா ஒண்ணு. அது கவுன்சலிங் வழியா போனாத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுல போனா கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எதுவும் அந்த கவுன்சலிங்குக்குள்ளயே வராது. உங்க வூட்டுல நீதான் மொதல் பட்டதாரி, அந்தச் சலுகையும் அப்படித்தான். பொட்டி நிறைய துட்டை வெச்சுக்கினு அரசாங்கம் ஒரு வாசல்ல நிக்குது, நீ பக்கத்து வாசல்ல போய் துட்டு கட்டறேன்னு வரிசையில நிக்கற. உன்னை மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதாண்டா அவன் குதிரைக்கு கொள்ளு வாங்கிப் போடறான்.

காலேஜுக்குப் பேரு வேணுமாம் தொரைக்கு. வேணாம்னா சொன்னேன்? பேரு வேணும்டா. ஆனா இந்த நாட்டுல ஒரு வேடிக்கை உண்டு, அதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டான். நெசமாவே பேரு பெத்த இடமெல்லாம் கவர்மென்ட் இடம். கிண்டி இஞ்சினீரிங் காலேஜு 1794ல சர்வே பள்ளிக்கூடமா ஆரம்பிச்சது, இன்னிக்கும் அங்க பீஸு இந்தக் குதிரைக்காரன் கேக்கறதுல ஒரு ஓரத்துக்கு வராது. ஐ.ஐ.டி.யில வருசத்துக்கு ரெண்டு லட்சம் டியூஷன்னு பயமுறுத்துவாங்க. வூட்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழன்னா அது முழுசா தள்ளுபடி, அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி, எஸ்.சி., எஸ்.டி. பசங்களுக்கு டியூஷன் பீஸே கிடையாது. ஒசந்த பேரு மலிவா கிடைக்குது. மலிவான பேரும் மலிவா கிடைக்குது. நடுவுல இருக்கிற பேருக்குத்தான் இத்தினி விலை. இதை நல்லா யோசிச்சுப் பாத்தியா நீ?

அந்த ஒசந்த இடத்துக்கு மார்க் வந்திருந்தா நான் ஏன் இங்க உக்காந்து பேசப்போறன், பொட்டியைத் தூக்கிக்கினு போய் சேருன்னு தள்ளிவுட்டிருப்பன். உனக்கு வரல. அதுக்குப் பதிலா நடுவுல இருக்கிற ஒண்ணை ஒசந்த விலைக்கு வாங்கப் பாக்கற.

நேத்து விடியக்காலை நாலே முக்காலுக்கு இந்த பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தியா? நீ எங்க பாக்கப்போற, அந்நேரம் உனக்கு நடு ராத்திரி. ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர்னு வரிசையா கம்பெனி பஸ்ஸு நிக்குது. பசங்க கழுத்துல அட்டையைத் தொங்கவிட்டுக்கினு ஏறுவாங்க. சொத்தை வித்து பி.இ. படிச்சவனும், கவர்மென்ட் பஸ் பாஸ்ல போய் டிப்ளமா படிச்சவனும், ஐ.டி.ஐ. முடிச்சவனும் அதே சீட்டுல ஒருத்தன் தோள்ல ஒருத்தன் சாஞ்சு தூங்கிக்கினு போறாங்க. அவங்க கழுத்துல தொங்கற கயித்தைப் பாரு, பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா, டிரெய்னியான்னு அதுலயே தெரியும். எந்த காலேஜுன்னு கயித்துல எழுதியிருக்காது. பெரிய பேரு கதையே சொல்லணும்னா நோக்கியா இருந்துச்சே, ஸ்ரீபெரும்புதூர்ல. உலகம் பூரா அந்தப் பேருதான். 2014 நவம்பர்ல கேட்டை மூடிட்டாங்க. பேரை நம்பி வூட்டுக் கடன் வாங்கினவங்கல்லாம் கையைப் பிசைஞ்சுக்கினு நின்னாங்க.

உங்க ஆயா தறி நெய்ஞ்சவ, உனக்கு சொன்னா புரியும். காஞ்சிபுரம் பட்டுல உடல் வேற, முந்தி வேற. முந்தி வேற நெறமா இருந்தா ரெண்டையும் சேக்கறதே தனி வேலை. கல்யாணத்துல பாக்கறவங்க முந்தியத்தான் பாப்பாங்க, ஜரிகை எல்லாம் அங்கதான். உடலு வெறும் ஒத்தை நெறமா இருந்தாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா உடல்ல பட்டு நைஞ்சு போயிருந்தா அந்த ஜரிகை பாரமே பொடவையைக் கிழிச்சுடும். மொதப் படிப்பு உடலு, கடைசிப் படிப்பு முந்தி. உடலுக்கே ஜரிகை போடறன்னு எல்லாத்தையும் செலவழிச்சுட்டா முந்திக்கு உங்கிட்ட இன்னா இருக்கும்?

கதை வுடறன்னு நெனைக்கிறியா? விழுப்புரத்துல ஒரு ரயில்வே டெக்னீஷியன் மவன், ரயில்வே ஸ்கூல்ல படிச்சாரு. பன்னெண்டாவது கூட இல்ல, பாலிடெக்னிக்ல டிப்ளமா. அப்புறம் தாம்பரத்தண்ட ஒரு தனியார் காலேஜ்ல பி.இ., தனியாருன்றத நான் மறைக்கல. அதுக்கப்புறந்தான் திருச்சி என்.ஐ.டி.யில எம்.இ. கம்பெனி வேலைக்கும் போனாரு, எச்.ஏ.எல்.லயும் வேலை பாத்தாரு, இஸ்ரோவுக்குப் போனாரு. வேலையில இருந்துக்கினே சென்னை ஐ.ஐ.டி.யில பி.எச்டி. 2023 ஆகஸ்ட் 23ந் தேதி சாயங்காலம் நெலாவுல சந்திரயான்-3 எறங்கினப்ப, அதுக்கு திட்ட இயக்குநரு யாரு? அந்த வீரமுத்துவேல்தான். விழுப்புரம் பாலிடெக்னிக்கு டிப்ளமாவை மொதல்ல காட்டுன்னு அன்னிக்கு நெலா கேக்கல.

சிவன்னு ஒருத்தரு, 2018ல இஸ்ரோ தலைவரா ஆனாரே. கன்னியாகுமரிப் பக்கம் விவசாயி மவன். அவங்கப்பா வூட்டுக்குக் கிட்ட இருக்கிற காலேஜ்ல சேத்தாரு, எதுக்கு? வயல்ல கூட மாட வேலை செய்யணுமில்ல. நாகர்கோவில் இந்துக் கல்லூரியில பி.எஸ்சி. கணக்கு. அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1980ல முடிச்சாரு. 1982ல பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில எம்.இ. பம்பாய் ஐ.ஐ.டி. பி.எச்டி. எப்ப வாங்கினாரு தெரியுமா? 2006ல. வயசு அம்பதை எட்டறப்ப. நீ பதினேழு வயசுல எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கணும்னு குதிக்கற.

அம்மாந் தூரம் ஏன், நம்ம காஞ்சிபுரத்து அண்ணாவே வூட்டுல கஷ்டம்னு படிப்பை வுட்டுட்டு முனிசிபாலிட்டியில குமாஸ்தா வேலை பாத்தவரு. அப்புறந்தான் பச்சையப்பன் காலேஜ்ல சேந்தாரு. 1968ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியே கூப்பிட்டு மரியாதை பண்ணுச்சு.

இதைக் கேட்ட ஒடனே பல்லைக் காட்டாதே. இனிமேதான் உன்னைத் திட்டப்போறன். மலிவுல சேந்துட்டு, "அப்புறம் பெருசா படிச்சுக்கலாம்"னு சொன்னவன் எத்தினி பேரு இந்த ஊருல இருக்கான் தெரியுமா? அந்த நாலே முக்கா பஸ்ஸுல பாதி பேரு அவன்தான். மொதல் மாசம் சம்பளம் வரும், ரெண்டாவது மாசம் பைக்கு வரும். பைக்குக்குத் தவணை, தவணைக்கு ஓவர்டைம், ஓவர்டைம் முடிஞ்சு வந்தா தூக்கம். புஸ்தகத்தை எலி படிக்கும். நான் குறை சொல்லல, வூட்டுக்குச் சோறு போடறவன் அவன். ஆனா அவன் சொன்ன "அப்புறம்" வந்த பாட்டைக் காணோம். காஞ்சிபுரம் போனா காலாட்டிக்கினே பொழைக்கலாம்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. அது தறிக்குழியில கால் மிதிக்கிறவன் பொழைப்பு, திண்ணையில காலாட்டறவனுக்கு சொன்னதில்ல.

அதனால தேதி போட்டுக்க. எம்.டெக். போவணும்னா கேட் பரீட்சை. பாஸ் பண்ணி ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில அந்த மார்க்குல எடம் கிடைச்சா மாசம் 12,400 ரூபா அவனே உனக்குக் குடுப்பான். நீ குடுக்கிற படிப்புக்கும், உனக்குக் குடுக்கிற படிப்புக்கும் வித்தியாசம் தெரியுதா? பி.எஸ்சி. படிச்சா ஜாம்னு ஒரு பரீட்சை, அதை எழுதி ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி. சேரலாம். அதுவரைக்கும் காத்துக்கினு இருக்க முடியாதுன்னா, சென்னை ஐ.ஐ.டி.யே 2020ல ஆரம்பிச்சிருக்கிற ஆன்லைன் படிப்பு இருக்குது, டேட்டா சயின்ஸு. ஜே.இ.இ. வேணாம். நாலு வாரம் பாடம் படிச்சு அவன் வெக்கிற தேர்வுல தேறினா உள்ள வுடுவான். வேற காலேஜ்ல படிச்சுக்கினே இதையும் படிக்கலாம். பாதியில நிறுத்தினாலும் அது வரைக்கும் படிச்சதுக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. வருமானம் கம்மின்னா கட்டணத்துலயும் சலுகை. ஆனா உள்ள நுழையறது சுளுவு, வெளியே வர்றது கஷ்டம். பரீட்சைக்கு நேர்ல போய் எழுதணும், செல்போனைப் பாத்து காப்பி அடிக்க முடியாது. சும்மா சொல்றன், உனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும்.

இன்னொண்ணும் சொல்லிடறன், அப்புறம் கெழவன் மறைச்சுட்டான்னு வந்து நிக்காதே. மலிவுன்னு கண்ணை மூடிக்கினு எதுலயும் வுழாதே. ஆய்வகத்துல மிஷினு ஓடுதா, போன வருசம் எத்தினி பேரு அரியர் இல்லாம வெளியே வந்தாங்கன்னு போய்க் கேளு. படிக்கிற பசங்களையே கேளு, கேட்டுல நிக்கிற வாட்ச்மேனைக் கேளு, அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. சில பெரிய கம்பெனிங்க குறிப்பிட்ட காலேஜுக்கு மட்டுந்தான் போய் ஆளெடுக்கும், அதுவும் நெசம். மலிவு காலேஜ்ல சேந்தவனுக்கு மொத வேலை சின்னதாத்தான் கிடைக்கும். அதைத் தாங்கறதுக்கு முதுகு இருந்தா போ, கடன் இல்லாத முதுகு கொஞ்சம் நல்லாத் தாங்கும்.

இஞ்சினீரிங்தான் வேணும்னு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. காலையில திருமால்பூர்லேருந்து வர்ற வண்டியைப் புடிச்சா செங்கல்பட்டு, அங்க அரசு கலைக் கல்லூரி இருக்குது, டியூஷன் பீஸே கிடையாது. இந்தாண்ட காஞ்சிபுரத்துல பச்சையப்பன். வண்டியில குந்திக்கினு படிச்சுக்கினே போவலாம், ஆனா நீ ஜன்னலோரம் யாரு உக்காந்திருக்கான்னு பாத்துக்கினு போவ. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு மாசம் ஆயிரம் ரூபா 2024லேருந்து குடுக்கறாங்க, உன் தங்கச்சி மாதிரிப் பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டம் 2022லேருந்து. அந்த ஆயிரத்தை பிரியாணிக் கடையில வுடாம வெச்சிருந்தா மூணு வருசத்துல பரீட்சைக் கட்டணம், புஸ்தகம், டிரெயின் சீசன் எல்லாம் தாராளமா ஆவும்.

சரி, கிளம்பு. நாளைக்கு கவுன்சலிங் பட்டியல்ல காலேஜை வரிசைப்படுத்தறப்ப கவர்மென்ட் காலேஜை மேல போடு, குதிரைக்காரனுக்கு இந்த வழவழப்பு புக்கைத் திருப்பிக் குடுத்துடு, அடுத்த வூட்டுக்கு ஆவும். உங்கப்பன்கிட்ட பத்திரத்தைப் பீரோவுலயே பூட்டி வெக்கச் சொல்லு. கேட் பரீட்சை வருசா வருசம் பிப்ரவரியில நடக்குது, மூணாவது வருசம் படிக்கிறப்பவே எழுதலாம், ஒரு தரம் வாங்கின மார்க்கு மூணு வருசம் செல்லும்.