ரயில் நோக்கியல்: அமிர்தி வட்டாரத்தை முன்வைத்து ஒரு நூற்பாவும் விரிவுரையும்

*ஓடல் வண்டிக்கு; நோக்கல் நின்றோர்க்கு;*
*நிறுத்தல் கேட்டுக்கு என்மனார் புலவர்.*

என்னுதலிற்றோ எனின், ரயில் பார்க்க ஏற்ற இடம் எது என்பது உணர்த்துதல் நுதலிற்று. புலவர் யாரோ எனின், யாமே.

ஆய்வுக்களம் அமிர்தி. வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாதுமலை அடிவாரம். 1967 முதல் உயிரியல் பூங்கா உண்டு, மான் உண்டு, மழை பெய்தால் அருவி உண்டு. ரயில் இல்லை. ரயிலே இல்லாத ஊரை இந்த ஆய்வுக்கு ஏன் எடுத்தீர் என்பாரும் உளர். தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர் ரயிலைப் பார்ப்பதில்லை. அது போகும்போது டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார், அவ்வளவே. சென்னையில் பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. குரோம்பேட்டைவாசி எவரேனும் அதை அண்ணாந்து பார்த்ததுண்டா? ஆகவே இல்லாத ஊரே தக்க களம் என்க.

இம்மலைக்கு ரயில் பகை அன்று. ஆனால் மலைமேல் ஏறாது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்து நின்ற பாதை, பிறகு மேற்கே நீண்டபோது பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டது. மேற்கே ஜோலார்பேட்டை–சேலம் பாதை. கிழக்கே காட்பாடி–விழுப்புரம் பாதை. மூலவர் உள்ளேயே இருக்க வெளியே தேர் சுற்றுவதுபோல, மூன்று புறமும் ரயில் சுற்றிப் போகிறது. இதே மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்கு 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்குண்டு. யுரேனஸ் புலப்பட்ட மலைக்குக் காட்பாடி புலப்படவில்லை. இது தொலைநோக்கியின் குற்றமன்று.

எனவே நோக்கர் கீழே இறங்கியாக வேண்டும். எங்கே இறங்குவது?

காட்பாடி சந்திப்பு என்பார் ஒருசாரார். சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என நாற்புறமும் பாதை பிரியும் இடம். 10 ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் நிற்கலாம். 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய மைசூரு வந்தே பாரத்தும் இங்கே நின்றுதான் போகிறது. ஆயினும் அவ்விடம் பொருந்தாது. அங்கே நிற்பவர்களில் பெரும்பகுதி சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து திரும்பும் வங்காளக் குடும்பங்கள். அவர்கள் கண் எஸ்-6 பெட்டி எங்கே நிற்கும் என்பதில் இருக்கிறது. வண்டி அழகா, இல்லையா என்பதில் இல்லை. ஏற வேண்டியவர் நோக்கர் ஆகார்.

காட்பாடிக்கும் வேலூர் கன்டோன்மென்ட்டுக்கும் இடையிலுள்ள பாலாற்றுப் பாலம் என்பார் மற்றொருசாரார். காட்சி நன்று, கீழே ஆறு முக்காலும் மணல். 2019 ஜூலையில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் போயிற்று. வறண்ட ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே தண்ணீர் ரயிலேறிப் போனதைவிடப் பார்க்கத்தக்க ரயில் இனி வருமா என்பது ஐயமே. ஆனால் பாலத்தின்மேல் ஏறிப் பார்க்கலாகாது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்ஃபி எடுப்பார்க்கு இப்பிரிவைவிட ரயிலே விரைந்து வந்து சேரும்.

இனி எம் துணிபு. அமிர்தியிலிருந்து இறங்கினால் கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கம் ஏதேனும் ஒரு ரயில்வே கேட். சாமை மூட்டையும் புளிக்கூடையும் ஏற்றிய மினி வேன், சந்தைக்குப் போகும் ஆடுகள், கல்யாணத்துக்குத் தாமதமானவர்கள், எவரும் ரயில் பார்க்க வந்தவரல்லர். கேட் விழுந்ததும் அனைவரும் நோக்கராகின்றனர். முதலில் வாட்ச்சைப் பார்ப்பார்கள், பிறகு கேட்கீப்பரை, பிறகு வேறு வழியின்றித் தண்டவாளத்தை. “கூட்ஸா, பாசஞ்சரா?” என்று முன்பின் தெரியாதவர்கள் வாதம் தொடங்குவர். கூட்ஸ் என்றால் ஒரு பெருமூச்சு. பின் பெட்டிகளை எண்ணத் தொடங்குதல். எண்ணிய இருவரின் கணக்கு ஒத்துப்போனதாக வழக்கில்லை. அந்த நேரத்தில் வேர்க்கடலைப் பொட்டலம் தீர்ந்துவிடும். கம்பிக்கடியில் குனிந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு போவார், நோக்கலின் பயனை அறியாதவர். அவர்க்கு இந்நூல் இல்லை.

அற்றேல், கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டினால் என்செய்வது எனின், அதன் உச்சியில் வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்பாரும் உளர். அவர்க்குப் புலப்படுவது பெட்டிகளின் கூரையும் மின்கம்பியை உரசிச் செல்லும் இரும்புக் கையுமே. சன்னலோரம் கையாட்டும் பிள்ளை தெரியாத ஒன்றை ரயில் எனக் கொள்வதா என்பதில் யாம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வேர்க்கடலை விற்பவர் வந்துவிட்டார், பஸ் நிறுத்தத்துக்கு.