உயர் பாதுகாப்புப் புல்வெளி

ஐயா, திருகோணமலைக்கு உல்லாசப் பயணமா? நல்வரவு. கோல்ப் மட்டைப் பையை மறந்துவிடாதீர்கள். சீனக்குடாவில் விமானப்படையே 18 குழி மைதானம் வைத்து நடத்துகிறது. ஆடிக் களைத்தால் குளிக்க மார்பிள் பீச் இருக்கிறது. அதுவும் விமானப்படையின் ரிசோர்ட்தான். நாட்டின் ஆகாயத்தைக் காக்கிற கையே உங்கள் தலையணை உறையையும் மாற்றித் தரும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கூச்சப்படாமல் தங்குங்கள். இந்த ஊருக்கு வந்தவர்களில் அவசரமாகக் கிளம்பியவர்கள் குறைவு. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டிக்கொண்டு தங்கினார்கள். பிறகு ஒல்லாந்தர். 1795இல் வந்த ஆங்கிலேயர், சுதந்திரம் கொடுத்த பிறகும் ஒன்பது வருடம் கால்நீட்டிப் படுத்திருந்து, 1957இல்தான் கடற்படைத் தளத்தின் சாவியைத் தந்தார்கள். கோட்டைக்குள் இன்றும் இராணுவம். கோணேசரைக் கும்பிடப் போகிற கிழவி படைமுகாமின் வாசலால்தான் நடக்க வேண்டும். உள்ளே மேய்கிற புள்ளிமான்களை மட்டும் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. 2022 மே மாதம், பதவி விலகிய மறுநாளே, மஹிந்த ராஜபக்ஷ ஹெலிகொப்டரில் வந்து இறங்கியதும் இந்தத் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தில்தான். கொழும்பில் சனம் வீட்டு வாசலை முட்டியபோது பிரதமராய் இருந்தவருக்கே அடைக்கலம் தந்த ஊர், உங்களுக்கா ஒரு கட்டில் தராது?

மைதானத்துக்கு வருவோம். குழியைச் சுற்றியுள்ள புல் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் வளரக் கூடாது. இந்த விளையாட்டின் சாத்திரம் அப்படி. அதற்கு ஓயாத வெட்டு, ஓயாத தண்ணீர். கச்சான் காற்று அனலாய் வீசிக் கிணறுகள் அடிமண் காட்டும் மாதங்கள்தான் இங்கே சுற்றுலாப் பருவம். ஊருக்குக் குடிதண்ணீர் கந்தளாயிலிருந்து குழாய்வழி வர வேண்டும். வரட்டும், புல் வாடாமல் இருந்தால் சரி.

மைதானத்தில் நின்றபடி கொட்டியாரக் குடாவின் அக்கரையை நினைத்துப் பாருங்கள். அங்கே சம்பூர். சம்பூர்ச் சனத்துக்கும் குழி பழக்கம். வளவுக்குள் ஆளுயரத்துக்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, பிள்ளைகளை முதலில் உள்ளே இறக்குகிற குழி. 2006 ஏப்ரலில் அந்தக் கரையில் குண்டு போட்டது யாருடைய விமானம் என்று வரவேற்பு மேசையில் கேட்டுப் பாருங்கள்; அதே சின்னம் உங்கள் பில்லிலும் இருக்கலாம். ஓடிய சனம் கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருக்க, 2007இல் அவர்களின் ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. பிறகு 818 ஏக்கர் முதலீட்டு வலயம் ஆயிற்று. கடற்படைக்கும் ஒரு முகாம். அந்த வருடங்களில் சொந்தக் கிணற்றடியில் சம்பூரான் கால் வைத்தால் தேசத்துக்கு ஆபத்து. அரைக் காற்சட்டையோடு அந்நியர் ஒருவர் படைத்தளத்துப் புல்லில் உலாவினால் அந்நியச் செலாவணி.

சீனக்குடாப் பக்கத்திலேயே, கருமலையூற்றில், முஸ்லிம்களின் பழைய பள்ளிவாசல் ஒன்று இராணுவத்தின் பிடிக்குள் அகப்பட்டிருந்தது. தொழப் போக அனுமதியில்லை. 2014 ஆகஸ்டில் பார்த்தால் பள்ளிவாசலே இல்லை, தரைமட்டம். இத்தனை காவலுக்குள் ஒரு கட்டடம் காணாமற்போகிறது; ஒரு கோல்ப் பந்து காணாமற்போனால் தேடிக் கொடுக்க ஆளிருக்கும்.

இதே சீனக்குடாக் காட்டுக்குள்தான் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றே ஆட்கள் செத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை துருப்பிடித்து வெறுமனே நின்றன. காவல் மட்டும் குறையவில்லை.

வியாபாரத்தையும் பேசிவிடலாம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுனாமி துடைத்துப் போன கரையில், நகையை அடகு வைத்து இரண்டு அறை கட்டியவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கடன், அனுமதிப் பத்திரம், மின்சாரப் பில், ஆள் வராத மழைக்கால மாதங்கள் எல்லாம் அவர்கள் தலையில். எதிர்க்கடை போட்டிருப்பவருக்கோ காணி அரசாங்கத்தது, காவலுக்குத் துவக்கு, ஆட்களின் சம்பளம் பாதுகாப்புச் செலவில். போட்டியாம்! காங்கேசன்துறைக் கரையில் இராணுவத்தின் தல்செவன, பாசிக்குடாப் பக்கம் இராணுவத்தின் லாயா வேவ்ஸ், வானத்தில் விமானப்படையின் ஹெலிடுவர்ஸ். போர் 2009இல் முடிந்தது. படைக்கு வேலை முடியவில்லை, மெனு அட்டை அச்சடிக்க வேண்டியிருந்தது. அறைக்கு நீங்கள் ஒருமுறை காசு கொடுக்கிறீர்கள். அதே அறைக்கு எங்கள் சனம் பருப்பிலும் பாண் மாவிலும் வரியாய் முன்கூட்டியே கொடுத்தாயிற்று, இரவு தங்காமலே.

ஆட்டத்தில் ஒரு விதி மட்டும் தெரிந்து வைத்திருங்கள். அடித்த பந்து எல்லைக்கு வெளியே போய்விட்டால் கணக்கில் ஓர் அடி கூடும், அவ்வளவுதான் தண்டனை. நீங்கள் முன்பு நின்ற இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்கலாம். வர்த்தமானி அறிவித்தல் தேவையில்லை, அரசாங்கம் மாற வேண்டியதில்லை, பத்து வருடம் தகரத்துக்குக் கீழே காத்திருக்கவும் வேண்டாம். அதெல்லாம் சம்பூர்ச் சனத்துக்கு வைத்த விதி.