உடும்புப்பிடி வேண்டும்

கேள்வி: சரிகை நிறுக்கும் குட்டித் தராசுக்கு சிஆர் 2032 பட்டன் செல் கேட்டால், 2025-ஐ நீட்டி "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்கிறார் கடைக்காரர். போடலாமா?
- வாசகி, மாகறல்

பதில்: இரண்டும் 3 வோல்ட், 20 மி.மீ. அகலம். வித்தியாசம் கனத்தில். 32 என்றால் 3.2 மி.மீ., 25 என்றால் 2.5. அந்த 0.7 மி.மீ. இடுக்கில்தான் தராசு கண்ணை மூடிக்கொள்ளும். சிவன் உடும்பீசராகக் குடியிருக்கும் ஊர்க்காரர் நீங்கள். செல்லுக்கும் உடும்புப்பிடி வேண்டாமா? அட்டையை மடித்துச் சொருகும் நம் வைத்தியமெல்லாம் நாலு நாளைக்குத்தான். சிஆர் 2016 செல் இரண்டை அடுக்கினால் கனம் கச்சிதம், ஆனால் வோல்ட் 6, தராசு புகைந்துவிடும்! எனவே 2032-தான். பழைய செல்லைத் தறிப்பக்கம் போட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.